அரசு தூங்குகிறதா, மறைக்கிறதா, பயமுறுத்துகிறதா? தொற்று பரவும்போது வரும் சந்தேகங்களைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

புதிதாக ஒரு வைரஸ் பரவுகிறது என்ற செய்தி வந்ததுமே இரண்டு பேச்சு கிளம்பிவிடும். "ஒண்ணுமே செய்யல, எதையோ மறைக்கிறாங்க" என்பது ஒன்று. "சாதாரணக் காய்ச்சலை ஊதிப் பெரிசாக்குறாங்க" என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் ஓடும், சில சமயம் ஒரே ஆளே காலையில் ஒன்றையும் ராத்திரி மற்றொன்றையும் அனுப்புவார். மக்களுக்கு அறிவு அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், பல அதிகாரிகள் மனதுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் பெரும்பாலும் நியாயமான ஒரு குழப்பம் இருக்கிறது. நமக்குச் சொல்லப்படும் எண்ணிக்கை ஒரு நாளைச் சேர்ந்தது, நம்மைச் சுற்றி நடந்துகொண்டிருப்பது வேறொரு நாளைச் சேர்ந்தது. இந்த ஒரு சங்கதி பிடிபட்டுவிட்டால் அரசின் நடவடிக்கையில் எது தவிர்க்க முடியாத தாமதம், எது மெத்தனம், எது பச்சைப் பொய் என்று ஓரளவாவது பிரித்துப் பார்க்க முடியும்.

இன்று வந்த எண்ணிக்கை எந்த நாளுடையது?

ஒருவருக்குத் திங்கட்கிழமை தொற்று ஏற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கோவிட் தொடங்கிய காலத்தில் பரவிய வகையில் அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து நாள் ஆனது. ஆக சனிக்கிழமை தொண்டை கரகரக்கிறது. சளிதான் என்று ஞாயிறு கழிகிறது. திங்கள் காய்ச்சல் அடிக்கிறது, செவ்வாய் பரிசோதனைக்குப் போகிறார். மாதிரி ஆய்வகத்துக்குப் போய், மற்ற மாதிரிகளோடு வரிசையில் கிடந்து, முடிவு வர வியாழன். அது கீழிருந்து மேலே போய்ச் சேர்ந்து, வெள்ளிக்கிழமை மாலை வெளியாகும் அறிக்கையில் "இன்று புதிதாக 100 பேருக்குத் தொற்று உறுதி" என்ற வரியில் நூற்றில் ஒருவராக நிற்கிறார். தொற்றியது எப்போது? பதினொரு நாளுக்கு முன்னால்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் வேகத்தில் தொற்று பரவினால் பதினொரு நாளில் ஏறக்குறைய 12, 13 மடங்கு ஆகிவிடும். அதாவது அறிக்கை 100 என்று சொல்லும் அந்த வெள்ளிக்கிழமையில் மட்டும் புதிதாகத் தொற்றுக்கு ஆளாகிறவர்கள் 1,200 பேருக்கு மேல் இருக்கக்கூடும். பரிசோதனைக்கே போகாதவர்களை இதில் சேர்க்கவில்லை. அமைச்சர் 100 என்கிறார், மருத்துவமனையில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் "நிலைமை நீங்க நினைக்கிற மாதிரி இல்ல" என்கிறார், இரண்டையும் கேட்டவருக்கு அரசு மறைக்கிறது என்றுதான் தோன்றும். இத்தனைக்கும் இரண்டு பேருமே உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

நடவடிக்கை எடுத்த பிறகும் இதே தாமதம் விடாமல் துரத்தும். சரக்கு ஏற்றிய லாரியில் பிரேக்கை மிதித்தாலும் வண்டி கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும். இன்று கூட்டங்களைத் தடை செய்தால் அதன் பலன் எண்ணிக்கையில் தெரியப் பத்து நாளுக்கு மேல் ஆகும், ஆஸ்பத்திரிப் படுக்கைகளில் தெரிய இன்னும் அதிகம், மரணக் கணக்கில் தெரிய அதற்கும் மேல். அந்த இடைப்பட்ட நாட்களில் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் இருக்கும். "இவ்வளவு கெடுபிடி செய்தும் குறையவில்லையே" என்ற குரல் உச்சத்தில் இருப்பது சரியாக அப்போதுதான். அரசாங்கங்கள் தடுமாறுவதும் அப்போதுதான். ஒன்று, பதறிப்போய் மேலும் மேலும் தடை போடுவார்கள், இல்லையென்றால் பயனில்லை என்று பாதியில் விட்டுவிடுவார்கள்.

சின்ன விஷயம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தினசரி வரைபடத்தில் வாரக் கடைசியை ஒட்டி ஒரு பள்ளமும் அதற்கடுத்த நாட்களில் ஒரு மேடும் விழுவதைப் பல நாடுகளில் பார்த்தோம். வைரஸுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது, ஆய்வகத்துக்கும் அலுவலகத்துக்கும் உண்டு. அதனால் ஒரு நாள் எண்ணிக்கையை வைத்துக் குறைந்துவிட்டது என்றோ வெடித்துவிட்டது என்றோ முடிவுக்கு வராதீர்கள், ஏழு நாள் சராசரியைப் பாருங்கள்.

ஆரம்ப நாட்களின் இறப்பு விகிதம் இன்னொரு பொறி. 2009 ஏப்ரலில் மெக்சிகோவில் புதிய எச்1என்1 காய்ச்சல் வெளியே தெரிந்தபோது அது மிகக் கொடியது போலத் தோன்றியது, காரணம் ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு முற்றியவர்கள்தான் முதலில் கண்ணில் பட்டார்கள். லேசாக வந்து போனவர்களை எண்ணத் தொடங்கியதும் விகிதம் மளமளவென்று இறங்கியது. 2003இல் சார்ஸ் என்ற சுவாச நோய் வந்தபோது நேர் எதிராக நடந்தது. தொடக்கத்தில் 4 சதவீதம் என்ற அளவில் பேசப்பட்டது, கடைசியில் 8,096 பேரில் 774 பேர், அதாவது ஏறக்குறைய 10 சதவீதம் என்று வந்து நின்றது. தொடக்கத்தில் பலர் இன்னும் சிகிச்சையில் இருந்தார்கள், அவர்கள் பிழைப்பார்களா மாட்டார்களா என்பது தெரியாமலே வகுத்துப் பார்த்ததால் வந்த வித்தியாசம் அது. இரண்டிலும் யாரும் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

சரி, அரசாங்கங்கள் மறைப்பதே இல்லையா?

மறைத்திருக்கிறார்கள். அதை மழுப்பிவிட்டு அரசை நம்புங்கள் என்று மக்களுக்கு உபதேசம் செய்யும் கட்டுரைகளில் எனக்கு விருப்பமில்லை.

2003 ஏப்ரல் 20 அன்று சீன அரசு பெய்ஜிங் நகரத்து சார்ஸ் நோயாளிகளின் எண்ணிக்கையை 37இலிருந்து 339 என்று ஒரே மூச்சில் திருத்திச் சொன்னது. அந்த நாட்டின் சுகாதார அமைச்சரும் பெய்ஜிங் மேயரும் பதவி இழந்தார்கள். இந்த மாதிரித் தாவலுக்கு ஆய்வகத் தாமதத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. ஏறக்குறைய பதினேழு ஆண்டு கழித்து, கோவிட் தலைகாட்டிய சீன நகரமான வூஹானில் லீ வென்லியாங் என்ற கண் மருத்துவர் தன் சக மருத்துவர்களை ஒரு குழுவில் எச்சரித்தார். வதந்தி பரப்புகிறார் என்று போலீஸ் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்து எழுதி வாங்கியது. அவரே தொற்றுக்கு ஆளாகி 2020 பிப்ரவரியில் இறந்தபோது அந்த நாட்டு மக்களிடம் எழுந்த கோபத்தில், நோய்ப் பயத்தைவிட ஏமாற்றப்பட்டோம் என்ற ஆத்திரம்தான் தூக்கலாக இருந்தது.

இதைவிடப் படிக்கவேண்டியது தென் கொரியாவின் கதை, ஏனென்றால் அங்கே கெட்ட எண்ணம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. 2015 மே மாதம் மத்தியக் கிழக்கிலிருந்து திரும்பிய ஒருவர் வழியாக மெர்ஸ் என்ற சுவாச நோய் வைரஸ் உள்ளே வந்தது. அது பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள்தான் பரவிக்கொண்டிருந்தது. ஆனால் எந்தெந்த மருத்துவமனை என்று அரசு சொல்லவில்லை. பெயரைச் சொன்னால் பீதி வரும், நோயாளிகள் ஓடிவிடுவார்கள், அந்த மருத்துவமனைகள் பாதிக்கப்படும் என்று நினைத்தார்கள். என்ன ஆயிற்று? ஜனங்கள் தாங்களே இணையத்தில் ஒரு வரைபடம் போட்டார்கள், கேள்விப்பட்டதை எல்லாம் அதில் குறித்தார்கள். எந்த மருத்துவமனை என்று தெரியாதபோது எல்லா மருத்துவமனையும் சந்தேகத்துக்கு உள்ளாகும் அல்லவா? அவசரச் சிகிச்சை தேவைப்பட்டவர்கூட யோசிக்க வேண்டியதாயிற்று. கடைசியில் ஜூன் 7ஆம் தேதி அரசு பெயர்களை வெளியிட்டது. மொத்தம் 186 பேர் பாதிக்கப்பட்டார்கள், 38 பேர் இறந்தார்கள். பீதியைத் தவிர்க்கத் தகவலைப் பூட்டி வைத்தார்கள், பூட்டி வைத்ததாலேயே பீதி வந்தது.

அதற்கப்புறம் கொரியர்கள் சட்டத்தை மாற்றினார்கள். 2020இல் கோவிட் வந்தபோது தொற்று உறுதியானவர் எங்கே போனார், எத்தனை மணிக்குப் போனார் என்று செல்பேசிக்குக் குறுஞ்செய்தியே வந்தது. பேர் போடாவிட்டாலும் யார் என்று ஊகித்துவிடும் அளவுக்கு விவரம். சிலருடைய அந்தரங்கம் சந்தி சிரித்தது, பிறகு அந்த விவரங்களைக் குறைத்துக்கொள்ளும்படி ஆயிற்று. வெளிப்படையாக இரு என்று சொல்லுவது சுலபம், எதை வெளியே வைப்பது என்று தீர்மானிப்பது அவ்வளவு சுலபமில்லை. எங்கே ஆபத்து என்று சொல்லலாம், யார் என்று சொல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

முன்கூட்டியே சொல்வதா, திடீரென்று சொல்வதா என்பதும் அப்படித்தான். 2020 மார்ச் 7 இரவு இத்தாலியின் லொம்பார்டி பகுதியை மூடப்போகும் உத்தரவின் வரைவு வெளியே கசிந்தது. கையெழுத்தாகும் முன்பே மிலான் ரயில் நிலையங்களில் கூட்டம் சேர்ந்தது, தெற்கே போகும் இரவு ரயில்களில் ஏறிப் பலர் கிளம்பினார்கள், அவர்களில் யாரிடம் வைரஸ் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அதே மாதம் 24ஆம் தேதி இந்தியாவில் இதற்கு நேர்மாறு. இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவிலிருந்து நாடு முழுவதும் ஊரடங்கு, இடையில் நான்கே மணி நேரம். அறிவிப்பைக் கேட்டுக் கூட்டமாகக் கிளம்ப நேரமே இருக்கவில்லைதான், ஆனால் வேலையும் தங்குமிடமும் போன லட்சக்கணக்கான புலம்பெயர் தொழிலாளர்கள் சொந்த ஊருக்கு நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். நாட்டை மூடியது சரியா தவறா என்று இன்னும் நூறு ஆண்டு வாதாடலாம். மூடிய மறுநாள் காலையில் கையில் கூலி இல்லாதவர் எங்கே போவார், என்ன செய்வார் என்ற கேள்விக்கு அன்றிரவே பதில் இருந்திருக்க வேண்டும் என்பதில் வாதாட எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன்.

நேற்று ஒன்று சொன்னார்கள், இன்று வேறு சொல்கிறார்கள்

அறிவுரை மாறுவதுதான் பலருக்கு ரொம்பவும் எரிச்சல் தருகிறது. முகக்கவசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 பிப்ரவரி கடைசியில் அமெரிக்காவின் தலைமைப் பொது மருத்துவ அதிகாரி ட்விட்டரில் மக்களைப் பார்த்து முகக்கவசம் வாங்குவதை நிறுத்துங்கள் என்றார். பொதுமக்களுக்கு அதனால் பயனில்லை என்றார். கூடவே, மருத்துவப் பணியாளர்களுக்குக் கிடைக்காமல் போனால் எல்லாருக்கும் ஆபத்து என்றும் சொன்னார். படித்தவர்கள் உடனே கேட்டார்கள்: பயனில்லை என்றால் அவர்களுக்கு மட்டும் எதற்கு? ஏப்ரல் 3 அன்று அதே நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் துணியாலாவது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளச் சொன்னது. உலக சுகாதார அமைப்பு தன் வழிகாட்டலை விரிவாக்க ஜூன் ஆனது. அதே அமைப்பு மார்ச் 28 அன்று கோவிட் காற்றில் பரவுவதில்லை என்பதை ஐயத்துக்கு இடமில்லாத உண்மை போல அறிவித்திருந்தது, பிறகு படிப்படியாக அதை விட்டு இறங்கி வரவேண்டியிருந்தது.

புது வைரஸைப் பற்றிய அறிவு வாரத்துக்கு வாரம் மாறத்தான் செய்யும். மாறாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும், யாரும் ஆராய்ச்சியே செய்யவில்லை என்று அர்த்தம். மேலே சொன்னவற்றில் உறுத்துவது மாற்றம் இல்லை, முதலில் காட்டிய அந்த அசாத்திய உறுதி. "எங்களிடம் இருப்பது கொஞ்சம், மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் முதலில் தேவை, பொதுமக்களுக்கு எவ்வளவு உதவும் என்று இன்னும் தெளிவாகவில்லை, தெரிந்ததும் சொல்கிறோம்" என்று சொல்லியிருந்தால் பாதிப்பேர் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துழைத்திருப்பார்கள். தட்டுப்பாட்டைச் சொல்லக் கூசி விஞ்ஞானத்தின் பின்னால் ஒளிந்துகொண்டதன் விலையைத் தடுப்பூசி வந்தபோது கொடுக்க வேண்டியிருந்தது.

உலக சுகாதார அமைப்பே 2005இல் தொற்றுக் காலத் தகவல்தொடர்புக்கு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டிருக்கிறது. முழுத் தகவல் கைக்கு வரும்வரை காத்திருக்காமல் சீக்கிரமே சொல்லிவிடுங்கள், வெளிப்படையாக இருங்கள், மக்களின் கவலையை அது எவ்வளவு அசட்டுத்தனமாகத் தெரிந்தாலும் காது கொடுத்துக் கேளுங்கள் என்பதுதான் அதன் சாரம். சார்ஸில் பட்ட அடியிலிருந்து கற்றது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாத கதையாக, கோவிட் வந்தபோது அதே அமைப்பே அதைப் பாதி மறந்தது.

எதுவுமே நடக்காமல் போனால்?

இன்னொரு சிக்கல், வெற்றி கண்ணுக்குத் தெரியாது என்பது. நடவடிக்கை பலித்தால் பெரிய சாவு எதுவும் நடக்காது, நடக்காததைப் பார்த்து "இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்பார்கள். பலித்ததா, ஆபத்தே இல்லையா என்பதைப் பின்னால் பிரித்துச் சொல்வதும் கஷ்டம்.

1976இல் அமெரிக்காவில் ஒரு ராணுவ முகாமில் புதுவகைப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் தென்பட்டு ஒரு சிப்பாய் இறந்தார். உலகை உலுக்கிய 1918 காய்ச்சல் பெருந்தொற்று போல ஆகிவிடுமோ என்று பயந்த அதிபர் ஃபோர்டின் அரசு நாடு முழுக்கத் தடுப்பூசி போட முடிவெடுத்தது. 4 கோடிப் பேருக்கு மேல் போட்டும் முடித்தார்கள். நோய் வரவே இல்லை. ஊசி போட்டவர்களில் சிலருக்கு குயில்லன்-பாரே என்ற நரம்புக் கோளாறு வந்தது தெரிந்ததும் டிசம்பரில் திட்டத்தை நிறுத்தினார்கள். இது அரசின் அவசரத்துக்கு உதாரணமாக இன்றைக்கும் பேசப்படுகிறது. 2009இல் எச்1என்1 எதிர்பார்த்த அளவு கொடியதாக இல்லாமல் போனதும் உலக சுகாதார அமைப்பு பீதி கிளப்பியது என்று வசை வாங்கியது. அதற்கு ஐந்து ஆண்டு கழித்து மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா. 2014 மார்ச்சிலேயே கினியில் உறுதியானது, சர்வதேச அவசரநிலை என்று அறிவித்ததோ ஆகஸ்ட் 8ஆம் தேதி. அந்தத் தொற்றில் 11,300 பேருக்கு மேல் இறந்தார்கள், ஏன் இவ்வளவு தாமதம் என்று இந்த முறை வசை. முந்தைய வசைக்கும் பிந்தைய தயக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. மிகையாகச் செய்தவரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதை அடுத்து வரும் அதிகாரி கவனித்துக்கொண்டுதான் இருப்பார்.

அப்போது எதைத்தான் பார்ப்பது?

தினசரி எண்ணிக்கையோடு எத்தனை பரிசோதனை செய்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நூறு பேரைச் சோதித்து மூன்று பேருக்கு இருக்கிறது என்றால் வலை ஓரளவு அகலமாக வீசப்பட்டிருக்கிறது, முப்பது பேருக்கு இருக்கிறது என்றால் வெளியே எவ்வளவு பேர் என்று அரசுக்கே தெரியாது. 2020 மே மாதம் உலக சுகாதார அமைப்பு, கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் முன் இந்த விகிதம் இரண்டு வாரமாவது 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று சொன்னது. பரிசோதனையைக் குறைத்தால் எண்ணிக்கை தானாகக் குறையும், ஆனால் இந்த விகிதம் ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆஸ்பத்திரியில் சேர்பவர்கள் எண்ணிக்கையை மறைப்பது இன்னும் கஷ்டம். மொத்த மரணங்களை மறைப்பது அதைவிடக் கஷ்டம். என்ன காரணத்தால் இறந்தார் என்று சான்றிதழில் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம், வழக்கமான ஆண்டைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்ற கணக்கு அதைப் பொருட்படுத்தாது. 2020, 2021 இரண்டு ஆண்டிலும் உலக நாடுகள் சொன்ன கோவிட் மரணங்கள் சுமார் 54 லட்சம். கூடுதல் மரணங்கள் சுமார் 1.49 கோடி என்று உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. இந்தியா உட்படச் சில அரசுகள் அந்தக் கணக்கிடும் முறையை ஏற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கணக்கு வருவதற்குள் தொற்றே முடிந்துவிடும் என்பதுதான் இதில் உள்ள குறை.

எதிர்த்திசையில் கழிவுநீர்ச் சோதனை இருக்கிறது. தொற்று உள்ளவர் பரிசோதனைக்குப் போகாவிட்டாலும் கழிவறைக்குப் போகத்தான் வேண்டும். 2022இல் லண்டன் சாக்கடை நீரில் போலியோ வைரஸ் தென்பட்டது, ஒரு குழந்தைகூட முடங்குவதற்கு முன்பே நகரத்தில் ஒன்று முதல் ஒன்பது வயது வரை உள்ள குழந்தைகளுக்குக் கூடுதல் தடுப்பு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். முதலில் பார்த்த பதினொரு நாள் தாமதத்தில் ஒரு பகுதியை இப்படித் திருடிக்கொள்ளலாம். உங்கள் அரசு இதைச் செய்கிறதா, முடிவை வெளியிடுகிறதா என்று கேட்பது நல்ல கேள்வி.

பேசுகிறவரையும் கவனியுங்கள். தெரியாததைத் தெரியாது என்கிறாரா? அடுத்த தகவல் எப்போது வரும் என்று நேரம் சொல்கிறாரா, சொன்ன நேரத்துக்கு வருகிறாரா? போன வாரம் சொன்னதை இந்த வாரம் மாற்றும்போது, மாற்றினோம், காரணம் இது என்று சொல்கிறாரா, அல்லது எப்போதும் இப்படித்தான் சொல்லிவந்தோம் என்று சாதிக்கிறாரா? "யாரும் பயப்பட வேண்டாம், எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால் எனக்கென்னவோ அப்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

முடிந்துவிட்டது என்று சொல்வதிலும் அவசரம் கூடாது. எபோலா உடம்பில் அதிகபட்சம் 21 நாள் வெளியே தெரியாமல் இருக்கலாம் என்பதால், கடைசி நோயாளிக்குச் சோதனையில் இல்லை என்று வந்த பிறகு அதன் இரண்டு மடங்கு, 42 நாள் காத்திருந்துதான் தொற்று முடிந்ததாக அறிவிப்பார்கள். அந்த 42 நாளும் புது நோயாளி யாரும் இருக்கமாட்டார், கெடுபிடி மட்டும் இருக்கும், இன்னும் எதற்கு என்ற கேள்வியும் இருக்கும். லைபீரியாவில் 2015 மே 9 அன்று அப்படி அறிவித்தார்கள். ஜூன் கடைசியில் மறுபடி ஒருவரிடம் வைரஸ். செப்டம்பர் 3 அன்று இரண்டாம் முறை அறிவித்தார்கள், நவம்பரில் மறுபடி. 2016 ஜனவரி 14 மூன்றாம் முறை, அதற்கப்புறமும் ஒரு சிறு பரவல். ஜூன் 9 அன்று நான்காவது முறையாக அறிவித்தார்கள். அதோடு மூன்று மாதம் விழிப்பாகக் கண்காணிக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னார்கள்.